சோதனைச்சாவடி மூடினால் குடும்ப வழக்கு என்ன ஆகும்? ஓசூர் எல்லைப் பகுதி மக்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓசூரில் இருப்பவர்களுக்கு ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போவது ஒரு பயணமே இல்லை. காலையில் பொம்மசந்திராவுக்கோ எலக்ட்ரானிக் சிட்டிக்கோ வேலைக்குப் போய், ராத்திரி வீடு திரும்புகிறவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்தப் பக்கம் பெண் எடுத்தவர்களும் இந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்களும் அப்படித்தான்.

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தபோதுதான் நடுவில் ஒரு மாநில எல்லை இருக்கிறது என்பதே பலருக்கு உறைத்தது. அந்த ஏப்ரல் 30-ல் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில், தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. ஆனாலும் எல்லை தாண்ட இ-பாஸ் வேண்டும். கோர்ட்டுக்குப் போக வேண்டியவர்களும் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். மனைவி ஓசூர் மத்திகிரியில் அம்மா வீட்டில், ஆறு வயது மகனோடு இருக்கிறார். கணவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். விவாகரத்து வழக்கு நடக்கிறது. மாதாமாதம் ஜீவனாம்சம் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து பையனைப் பார்க்கிறார். திடீரென்று ஊரடங்கு. விசாரணை தள்ளிப்போகிறது, சம்பளம் வெட்டு என்று ஜீவனாம்சம் நிற்கிறது, பையனைப் பார்க்கவும் ஆள் வர முடியவில்லை. உறவுக்காரர் ஒருவர் சொல்கிறார்: “கோர்ட் எப்போ திறக்கறது? ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி முடிச்சிடலாம்மா.”

இந்த இடத்தில் எடுக்கிற முடிவுதான் பின்னால் பல வருஷத்துக்குப் பிரச்சினையாகவோ நிம்மதியாகவோ ஆகிறது. நெருக்கடி வந்தாலும் உங்கள் உரிமை அப்படியேதான் இருக்கும். ஆனால் அதை நீங்கள்தான் கேட்க வேண்டும், சரியான இடத்தில் கேட்க வேண்டும். கொரோனா காலத்தில் நீதிமன்றங்கள் காட்டிய வழிகளையும், இப்போது நடைமுறையில் உள்ள சட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பாதுகாப்பு

வீட்டில் அடி, உதை, மிரட்டல் என்றால் விவாகரத்து பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் போன் எடுங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி 112, குழந்தைகளுக்கு 1098.

ஊரடங்கில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. அடிப்பவர் நாள் முழுக்க அதே வீட்டில் இருக்கிறார் என்றால் போனில் எப்படிப் பேசுவது? அதனால்தான் தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரலில் புகாருக்காகவே ஒரு வாட்ஸ்அப் எண்ணைத் திறந்தது. நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால், நம்பிக்கையான ஒருவருக்கு மெசேஜ் அனுப்புங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன்படி பாதிக்கப்பட்டவர்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. விஷயம் தெரிந்த யாரும், பக்கத்து வீட்டு அக்காகூட, பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் பாதுகாப்பு அலுவலரைத் தொடர்புகொள்ளும் விவரம் கிடைக்கும்.

இந்தச் சட்டத்தில் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

• மனு கொடுத்தால் முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும். 60 நாளில் முடிக்க முயற்சி செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அவசரம் என்றால் மாஜிஸ்திரேட் உடனே இடைக்கால உத்தரவு தரலாம்.

• வீடு யார் பேரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை மனைவிக்கு உண்டு. “வீட்டை விட்டு வெளியே போ” என்று சொல்லி அனுப்பிவிட முடியாது.

• நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். சம்பவம் அந்தப் பக்கம் நடந்து, நீங்கள் இப்போது சூளகிரியில் அம்மா வீட்டில் இருந்தாலும் சரி. அங்கே வாங்கும் உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும்.

போலீஸிலும் அப்படித்தான். “அது கர்நாடகா லிமிட், அங்க போய் குடுங்க” என்று சொல்லி அனுப்புவது சரியல்ல. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். இதைத்தான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்கிறோம். கணவர் வீட்டுக் கொடுமையால் வெளியேறி வந்த பெண், தான் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எந்தக் கோர்ட் உங்கள் கோர்ட்?

எல்லைப் பகுதியில் அதிகம் குழப்புகிற கேள்வி இது. இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து மனுவை இந்த இடங்களில் ஒன்றில் போடலாம்:

• திருமணம் நடந்த இடம்
• எதிர்த்தரப்பு வசிக்கும் இடம்
• இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம்
• மனு போடுவது மனைவி என்றால், அவர் இப்போது வசிக்கும் இடம்

கடைசி வரி 2003-ல் சேர்க்கப்பட்டது. மத்திகிரியில் இருக்கும் மனைவி, கணவர் அந்தப் பக்கம் இருந்தாலும், தான் வசிக்கும் பகுதிக்கான நீதிமன்றத்திலேயே மனு போடலாம். குடும்ப நீதிமன்றம் உள்ள பகுதிகளில் அங்கேயும், இல்லாத இடங்களில் சார்பு நீதிமன்றத்திலும் இந்த வழக்குகள் நடக்கும். ஜீவனாம்சம் மட்டும் கேட்பதென்றால் வசிக்கும் பகுதியின் நீதிமன்றமே போதும். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கு, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் நடக்கும்.

கணவர் முந்திக்கொண்டு ஆனேக்கல்லிலோ பெங்களூருவிலோ வழக்குப் போட்டுவிட்டால்? அதை ஓசூருக்கு மாற்றும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கிடையாது. தமிழ்நாட்டுக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு என்றால் உயர் நீதிமன்றம். மாநிலம் விட்டு மாநிலம் என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றம்தான். பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போகிற ஊராக இருந்தாலும் சட்டம் இதுதான். பெண்ணின் சிரமம், கைக்குழந்தை, வருமானம் இல்லாமை ஆகியவற்றை உச்ச நீதிமன்றம் இந்த மனுக்களில் கவனித்துப் பார்ப்பதுண்டு. மாற்றல் கேட்பதற்கு முன்னால், வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே காணொலி விசாரணை கேட்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தால்

நேரில் நோட்டீஸ் கொடுக்க முடியாத சூழலில், 2020 ஜூலை 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இ-மெயில், வாட்ஸ்அப் போன்ற வழிகளில் நோட்டீஸ் அனுப்பலாம் என்று அனுமதித்தது. புதிய சட்டத்திலும் மின்னணு சம்மனுக்கு இடம் இருக்கிறது. அதனால் ‘யாரோ அனுப்பியிருக்காங்க’ என்று பிளாக் பண்ணிவிடாதீர்கள். நீங்கள் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடலாம். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு.

அதேநேரம் போலி நோட்டீஸும் உலவுகிறது. இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலியை இறக்கி, நோட்டீஸில் உள்ள 16 எழுத்து, எண் கொண்ட சி.என்.ஆர். குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். வழக்கு உண்மை என்றால் கோர்ட் பெயர், கட்சிக்காரர்கள், அடுத்த தேதி எல்லாம் வரும். நோட்டீஸ் கன்னடத்தில் இருந்து புரியவில்லை என்றால், அதை எடுத்துக்கொண்டு கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் அலுவலகத்துக்குப் போங்கள்.

கோர்ட் மூடியிருந்தால் கெடு முடிந்துவிடுமா?

கொரோனா சமயத்தில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதைக் கையில் எடுத்தது. 2020 மார்ச் 23-ல் முதல் உத்தரவு. கடைசியாக 2022 ஜனவரி 10-ல் வந்த உத்தரவின்படி, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் கெடுக் கணக்கில் சேராது. அந்த நாட்களில் கெடு முடிந்தவர்களுக்கு 2022 மார்ச் 1 முதல் 90 நாள் கிடைத்தது.

இதை வைத்து ‘அடுத்த தடவையும் நீட்டிப்பாங்க’ என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அது அந்த நெருக்கடிக்காக வந்த தனி உத்தரவு. பொதுச் சட்டம் சொல்வது சின்ன விஷயம்தான்: கெடு முடியும் நாளில் கோர்ட் மூடியிருந்தால், திறக்கிற அன்றைக்குத் தாக்கல் செய்யலாம். இ-ஃபைலிங் வசதி இருக்கும்போது அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. வக்கீலிடம் சொல்லி ஆன்லைனில் தாக்கல் செய்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காணொலியில் குடும்ப வழக்கு நடக்குமா?

நடக்கும். 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குடும்ப வழக்கில் நேரில் பேசி சமரசம் செய்யும் வாய்ப்பு முக்கியம் என்றது. சமரச முயற்சி தோற்ற பிறகு, இருவரும் கேட்டால் காணொலி அனுமதிக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. கொரோனா வந்ததும் நிலைமை மாறியது. நேரடி விசாரணை நடக்காத அந்தக் காலத்தில், 2021 ஜனவரியில் ஒரு திருமண வழக்கை முழுவதும் காணொலியிலேயே நடத்தும்படி உத்தரப் பிரதேசக் குடும்ப நீதிமன்றம் ஒன்றுக்கு உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. இப்போது நீதிமன்றங்களில் காணொலிக்கென்றே விதிகள் உள்ளன. ஆனால் தானாகக் கிடைக்காது, மனு போட்டுக் கேட்க வேண்டும்.

காணொலியில் ஆஜராகும்போது கவனிக்க வேண்டியவை:

• தனி அறை, கதவு மூடியிருக்க வேண்டும். குடும்ப வழக்கு மூடிய அறையில் நடக்கும் வழக்கு. பக்கத்தில் உட்கார்ந்து யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது.
• ரெக்கார்ட் பண்ணவோ ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ கூடாது.
• ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை கையில் இருக்கட்டும். போனில் சார்ஜும் டேட்டாவும் முந்தின நாளே சரிபாருங்கள்.
• வீட்டில் சுதந்திரமாகப் பேச முடியாத நிலை என்றால் அதை நீதிபதியிடம் சொல்லுங்கள். அருகில் உள்ள கோர்ட் வளாகம் அல்லது சட்டப்பணிகள் அலுவலகத்தில் இருந்து பேச அனுமதி கேட்கலாம்.

‘ஸ்டாம்ப் பேப்பர் விவாகரத்து’ செல்லுமா?

செல்லாது. முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, ஊர்ப் பெரியவர்கள் சாட்சி போட்டாலும் அது விவாகரத்து ஆகாது. நோட்டரி முத்திரையோ, காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்த கடிதமோ அதை மாற்றாது. குறிப்பிட்ட சமூக வழக்கத்தில் உள்ள விவாகரத்துக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அந்த வழக்கத்தை ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும், அது சுலபமில்லை. இந்தப் பேப்பரை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, கிரிமினல் வழக்கும் வரலாம். கடைசியில் அதிகம் இழப்பது இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட பெண்ணும் அவர் பிள்ளைகளும்தான்.

போனில், வாட்ஸ்அப்பில் அனுப்பும் உடனடி முத்தலாக்கும் செல்லாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இருவருக்கும் சம்மதம் என்றால் நேர்வழி இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் 6 மாதக் காத்திருப்பு. பிரிந்து ஒன்றரை வருடம் ஆகி, சமரசம் தோற்று, ஜீவனாம்சமும் பிள்ளை விஷயமும் பேசி முடிந்திருந்தால், அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிறிஸ்தவர்களுக்கும், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் அவரவர் சட்டத்தில் பரஸ்பர சம்மத வழி உண்டு.

ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டால் பிரிவுக் கணக்கு போய்விடுமா?

ஊரடங்கில் பலருக்கு வந்த சந்தேகம் இது. பதில்: போகாது. ‘பிரிந்து வாழ்வது’ என்றால் கணவன் மனைவியாக வாழாமல் இருப்பது, வேறு வேறு வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. ஒரே கூரையின் கீழ், தனித்தனி அறையில், தனித்தனிச் சமையலோடு இருந்தாலும் பிரிவுதான்.

இதன் மறுபக்கமும் முக்கியம். எல்லை மூடியதால் கணவர் அந்தப் பக்கம், மனைவி இந்தப் பக்கம் என்று சில மாதம் இருந்தால் அது ‘கைவிட்டுப் போனது’ ஆகாது. கைவிடல் என்ற காரணத்துக்கு, திரும்பி வரக் கூடாது என்ற எண்ணமும் தொடர்ந்து இரண்டு வருடமும் வேண்டும். வேலைக்காகவோ ஊரடங்காலோ தள்ளி இருந்ததைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம்.

சம்பளம் நின்றால் ஜீவனாம்சம்?

இரண்டு பக்கத்துக்கும் பதில் இருக்கிறது.

கொடுக்க வேண்டியவருக்கு: வேலை போனது, சம்பளம் குறைந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. கோர்ட் மாற்றும்வரை பழைய தொகை பாக்கியாக ஏறிக்கொண்டே போகும். சூழ்நிலை மாறியதைச் சொல்லித் தொகையைக் குறைக்க மனு போடலாம், புதிய சட்டத்தில் இது பிரிவு 146. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வேலையிலிருந்து நிறுத்திய கடிதம் ஆகியவற்றை இணையுங்கள்.

வாங்க வேண்டியவருக்கு: பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். ‘நிலைமை சரியாகட்டும்’ என்று காத்திருந்து இந்தக் கெடுவை விட்டுவிடாதீர்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வாங்கிய உத்தரவு என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. கணவர் கொடுக்கத் தவறினால், அவர் வேலை பார்க்கும் கம்பெனியே சம்பளத்தில் ஒரு பகுதியை நேராக உங்களுக்குத் தரும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த நம்ம பகுதியில் இது மிகவும் பயன்படும்.

2020 நவம்பர் 4-ல் ரஜ்னேஷ் – நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இரண்டு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டும். வருமானம், சொத்து, கடன் விவரத்தை இருவரும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம், மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்படும். ஆகவே விசாரணை தள்ளிப்போகும் காலத்தில், மனு போட்டு வைத்தவருக்கும் போடாதவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இந்த ஜீவனாம்சச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கும் பொருந்தும் என்று 2024 ஜூலை 10-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பிள்ளையைப் பார்க்க முடியாதபோது

நம் உதாரணத்தில் இருக்கும் ஆறு வயதுப் பையனுக்கு ஊரடங்கு, இ-பாஸ் எல்லாம் புரியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பா ஏன் வரவில்லை என்பதுதான் அவன் கேள்வி. 2020 ஏப்ரல் 30-ல் இந்த விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, நேரில் பார்ப்பதற்குப் பதில் வீடியோ கால் போன்ற வழிகளில் பேசிக்கொள்ள இருதரப்பும் ஒத்துக்கொள்ளலாம், சிக்கல் இருந்தால் குடும்ப நீதிமன்றத்தை அணுகலாம் என்றது.

அதனால் எல்லை மூடியிருக்கிறது என்பதைச் சாக்காக வைத்து பேச்சையே நிறுத்தாதீர்கள். நாளும் நேரமும் குறித்து வீடியோ கால் போடுங்கள். ஒத்துக்கொண்டதை ஒரு மெசேஜாக எழுதி வையுங்கள். தவறிப்போன சந்திப்புகளைப் பின்னால் ஈடுசெய்யவும் கோர்ட்டில் கேட்கலாம். பிள்ளையை வைத்திருப்பவர் ‘ஜீவனாம்சம் வரலை, அதனால காட்ட மாட்டேன்’ என்பதும், பணம் தருபவர் ‘பையனைக் காட்டலை, அதனால பணம் தர மாட்டேன்’ என்பதும் செல்லாது. இரண்டும் தனித்தனி உத்தரவு.

வக்கீலுக்குப் பணம் இல்லையா?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பலருக்கும் தெரியாத ஒரு வரி இருக்கிறது: தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் ஆண் தொழிலாளியும் கேட்கலாம். பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இடம் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குப் போங்கள்.

நெருக்கடி வரும் முன் இன்றே செய்து வைக்க

1. திருமணச் சான்று அல்லது பத்திரிகை, போட்டோ, பிள்ளையின் பிறப்புச் சான்று, கோர்ட் உத்தரவு ஆகியவற்றை ஸ்கேன் செய்து, நீங்கள் மட்டும் திறக்கும் இ-மெயிலில் போட்டு வையுங்கள்.
2. வழக்கு இருந்தால் சி.என்.ஆர். எண்ணையும் வக்கீல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். போன் பறிபோனாலும் தாள் இருக்கும்.
3. ஜீவனாம்சத்தை ரொக்கமாக வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு வழியாகப் போனால் அதுவே ஆதாரம்.
4. 181, 112, 1098, 15100. இந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்யுங்கள்.

நம் உதாரணத்தில் வரும் அந்த மனைவி என்ன செய்யலாம்? உறவுக்காரர் நீட்டும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டாம். பாக்கிக்கு வசூல் மனுவும், காணொலி விசாரணைக்கு ஒரு மனுவும் இலவச வக்கீல் மூலம் போடலாம். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பையனை வீடியோ காலில் அப்பாவோடு பேச வைக்கலாம். கணவரும் சம்பளச் சீட்டோடு தொகைக் குறைப்பு மனு போடலாம். இதில் எதற்கும் யாரும் ஜூஜூவாடி தாண்ட வேண்டியதில்லை.